கேள்வி பதில்: அதிதி அசோக் எங்கே போனார்?

கேள்வி: டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது வந்த கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்கை அதற்கப்புறம் ஆளையே காணோமே? ஆட்டத்தை விட்டுவிட்டாரா?

அவர் விடவில்லை, நாம்தான் பார்ப்பதை விட்டுவிட்டோம். ஒலிம்பிக் நாலு வருஷத்துக்கு ஒருமுறை, அவர் பிழைப்போ வாராவாரம். 2023-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் கென்யாவில் ஐரோப்பியப் பெண்கள் டூர் (ஊர் ஊராக நடக்கும் தொழில்முறைப் போட்டித் தொடர்) பட்டம். ஏப்ரல் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் எல்பிஜிஏ (அமெரிக்கப் பெண்கள் டூர்) போட்டியில் கடைசி ஹோலில் (குழியில்) கணக்கைவிட ஒரு ஸ்ட்ரோக் குறைத்து, அதாவது பேர்டி அடித்து, சமநிலையை உடைக்க மூன்று பேர் மோதிய பிளே ஆஃப் வரை போய்த் தோற்றார். (ஸ்ட்ரோக் என்றால் பந்தை ஒருமுறை அடிப்பது, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.) நவம்பரில் ஸ்பெயினில் இன்னொரு பட்டம். நடுவில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி. அங்கே மூன்றாம் நாள் 61 அடித்து ஏழு ஸ்ட்ரோக் முன்னிலையோடு தூங்கப்போனவர், மறுநாள் 77 அடித்தார், தங்கம் தாய்லாந்துக்குப் போய்விட்டது. ஒரே ராத்திரியில் 16 ஸ்ட்ரோக் வித்தியாசம்! ஆனாலும் ஆசியப் போட்டி கோல்ஃபில் இந்தியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் பதக்கம் அந்த வெள்ளிதான். இதெல்லாம் நம் ஊர் பேப்பர்களில் ஏழாம் பக்கத்து மூலையில் வந்தது, அவ்வளவுதான்.

கேள்வி: பதக்கம் வாங்காத நான்காவது இடத்துக்கு அன்றைக்கு ஏன் அவ்வளவு கொண்டாட்டம்?

உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்த 23 வயதுப் பெண், கடைசி நாள் காலையில் இரண்டாவது இடத்தில் நின்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? இந்தியாவில் விடியற்காலையிலேயே எழுந்து, பார் என்றால் என்ன, பேர்டி என்றால் என்ன என்று கூகுளில் தேடிக்கொண்டே பார்த்தவர்கள் ஏராளம், நான் உட்பட. (பார் என்பது அந்தக் குழிக்கு இத்தனை தடவை அடிக்கலாம் என்று வைத்திருக்கும் கணக்கு. அதில் ஒன்று குறைத்தால் பேர்டி.) தங்கம் வென்ற அமெரிக்காவின் நெல்லி கோர்டா 17 அண்டர் (மொத்தப் பாரைவிட 17 குறைவு), அடுத்த இருவர் 16, அதிதி 15. நாலு நாள் அடித்த 269 ஸ்ட்ரோக்கில் ஒன்றே ஒன்று குறைந்திருந்தால் வெள்ளிக்கான பிளே ஆஃபில் அவரும் நின்றிருப்பார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. மற்றவர்கள் டிரைவர் என்னும் முதல் அடிக் கட்டையால் ஓங்கி அடித்த பந்துக்கு வெகுதூரம் பின்னால்தான் இவர் பந்து விழும், ஆகவே இரண்டாவது அடியை எப்போதும் நீளமான கட்டையால் தூரத்திலிருந்தே அடிக்க வேண்டும். அப்படியும் சமாளித்தது பட்டிங்கால். பச்சைப் புல்லில் பந்தைக் குழிக்குள் உருட்டும் அந்த வேலையில் அந்த வாரம் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கோல்ஃப் கட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தவர் அவர் அம்மா. 2016 ரியோவில், பள்ளிப் படிப்பை முடித்த கையோடு போனபோது, அப்பா தூக்கினார்.

கேள்வி: கோல்ஃப் வீராங்கனைக்கு மாதச் சம்பளம் உண்டா? கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறார்கள் என்கிறார்களே?

சம்பளம் என்று ஒரு பைசா கிடையாது. கிரிக்கெட் மாதிரி போர்டு ஒப்பந்தமெல்லாம் இங்கே இல்லை, இது சொந்தத் தொழில். விமான டிக்கெட், ஓட்டல், கோச் எல்லாம் கைக்காசு. கேடிக்கு (பை தூக்குபவருக்கு) வாரக் கூலி, அதோடு பரிசுப் பணத்தில் ஒரு பங்கு (ஜெயித்தால் 10 சதவீதம் என்பது வழக்கம்). போட்டி பெரும்பாலும் நாலு நாள். இரண்டு நாள் முடிந்ததும் ‘கட்’ என்று ஒரு கோடு கிழிப்பார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் பையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான், பரிசுப் பணம் பெரும்பாலும் பூஜ்யம், ஆனால் ஓட்டல் பில் பூஜ்யமாகாது. அடுத்த ஊரில் மறுபடி முதலிலிருந்து.

டூரில் ஆடுவதற்கே ஒரு கார்டு வேண்டும், அதற்குத் தகுதிச் சுற்றுப் போட்டிகள். அதிதி 2015 டிசம்பரில் மொராக்கோவில் ஐரோப்பிய டூரின் தகுதிச் சுற்றை ஜெயித்துத்தான் உள்ளே வந்தார், அடுத்த வருஷமே குர்கானில் இந்தியன் ஓப்பனை வென்றார். அந்த டூரில் பட்டம் வென்ற முதல் இந்தியர். கோடிகள் என்பதும் பொய்யில்லை. 2024 அமெரிக்க மகளிர் ஓப்பனில் மொத்தப் பரிசு 1.2 கோடி டாலர், ஜெயித்த யூகா சாசோவுக்கு 24 லட்சம் டாலர். அந்தப் பணம் மேலே இருக்கும் சிலரிடம் குவிகிறது, மற்றவர்களுக்கு விளம்பரதாரர் கிடைக்காவிட்டால் வருஷக் கடைசியில் கணக்கு உதைக்கும்.

கேள்வி: ஆண்களோடு ஆடி ஜெயித்த பெண் உண்டா?

அமெரிக்க ஆண்கள் டூரான பிஜிஏ டூரில் ஜெயித்தவர் இல்லை, ஆடியவர்கள் உண்டு. 1945-ல் பேப் ஜஹாரியாஸ் ஆடினார். 1932 ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் தடை ஓட்டத்திலும் தங்கம் வாங்கிவிட்டு அப்புறம் கோல்ஃபுக்கு வந்த அசாத்தியப் பெண்மணி! அவருக்குப் பின் 58 வருஷம் கழித்து, 2003-ல் டெக்சஸில் நடந்த கொலோனியல் போட்டியில் ஸ்வீடனின் அன்னிகா சோரன்ஸ்டாம். 71, 74 அடித்து நாலு ஸ்ட்ரோக்கில் ‘கட்’ கோட்டைத் தவறவிட்டார். ‘இதுக்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம்’ என்றவர்கள் உண்டு. அவர் அடுத்த வாரமே எல்பிஜிஏ போட்டி ஒன்றை ஜெயித்தார், அதே வருஷம் இரண்டு மேஜர்களையும் (டூரின் மிகப் பெரிய போட்டிகள்) சேர்த்துக்கொண்டார். மொத்தம் 72 எல்பிஜிஏ பட்டம், 10 மேஜர். 2001-ல் ஒரே சுற்றில் 59 வேறு.

கேள்வி: தென்கொரியப் பெண்கள் மட்டும் எப்படி இவ்வளவு பேர்?

பாக் செ ரி என்ற ஒரு வீராங்கனை. 1998 அமெரிக்க மகளிர் ஓப்பன் பிளே ஆஃப், 18-வது ஹோல், பந்து தண்ணீர்க் கரைச் சரிவில் கிடக்கிறது. ஷூ, சாக்ஸைக் கழற்றிவிட்டு இறங்குகிறார். முழங்கால் வரை வெயிலில் கறுத்த கால், சாக்ஸ் மறைத்த இடம் மட்டும் பளீர் வெள்ளை. எத்தனை மணிநேரம் வெயிலில் பயிற்சி எடுத்திருப்பார் என்று யாரும் சொல்லவே தேவையில்லை. பந்தை வெளியே எடுத்து, கடைசியில் ஜெயித்தும் விட்டார். ஆசியப் பொருளாதார நெருக்கடியில் நாடே நொந்துபோயிருந்த வருஷம் அது. அதை டிவியில் பார்த்த சிறுமிகள்தான் பத்து வருஷத்தில் டூரை நிறைத்தார்கள். அவர்களில் ஒருவரான பார்க் இன்பீ 2016 ரியோவில் தங்கம் வாங்கியபோது அணியின் கோச் பாக் செ ரியேதான்.

கேள்வி: என் மகள் ஜூனியர் போட்டிகளில் நன்றாக ஆடி, கடைசியில் கோட்டை விடுகிறாள். பரிசு வாங்க மேடை ஏறவும் ஒரே கூச்சம். இவளுக்கு இது சரிப்படுமா?

மேலே சொன்ன அன்னிகா, சிறு வயதில் ஜெயித்தால் மைக்கில் பேசவேண்டுமே என்று பயந்து கடைசி ஹோல்களில் வேண்டுமென்றே தப்பாக ஆடி இரண்டாவது வருவாராம். விஷயம் தெரிந்ததும், இரண்டாவது வந்தவரும் பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள். அதற்கப்புறம் தோற்பதில் லாபமில்லை. உங்கள் மகளிடம் திட்டாமல் கேட்டுப் பாருங்கள், கோட்டை விடுவது கையா, கூச்சமா என்று. கை என்றால் பட்டிங்கை நிறையப் பழகட்டும், அதற்கு உடம்பு வளரக் காத்திருக்க வேண்டியதில்லை. கூச்சம் என்றால் இரண்டாம் பரிசுக்கும் பேச்சு உண்டு என்று போட்டி நடத்துபவர்களிடம் காதோடு காதாகச் சொல்லிவையுங்கள்.