‘உங்களுக்குத் தனி குர்ஆனா?’ என்று நண்பர் கேட்டால்

கேள்வி: நான் அஹ்மதியா ஜமாஅத்தைச் சேர்ந்தவன். “உங்களுக்குக் கலிமா (இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழி) வேறு, குர்ஆன் வேறு, ஹஜ்ஜுக்குக் காதியான் போவீர்கள்” என்று நெருங்கிய நண்பர்களே சொல்கிறார்கள். சண்டையில் முடியாமல் எப்படிப் பேசுவது?

பதில்: அவர்கள் சொல்வதில் வதந்தியும் இருக்கும், உண்மையான கொள்கை வேறுபாடும் இருக்கும். வேறுபாட்டை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். “நமக்குள் வித்தியாசமே இல்லை” என்று தொடங்கினால், நபித்துவப் பேச்சு வந்ததும் மறைத்தவர் ஆகிவிடுவீர்கள். அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் எடுபடாது.

பஞ்சாபிலுள்ள காதியான் ஊரைச் சேர்ந்த மிர்ஸா குலாம் அஹ்மத் (1835–1908) 1889இல் லூதியானாவில் பைஅத் (விசுவாச உறுதிமொழி) வாங்கி அஹ்மதியா இயக்கத்தைத் தொடங்கினார். வருவதாக வாக்களிக்கப்பட்ட மஸீஹும் (மேசியா) மஹ்தியும் (நேர்வழி காட்டுபவர்) தாமே என்றார். ஜமாஅத் அவரை நபிகள் நாயகத்துக்குக் கட்டுப்பட்ட, புதிய ஷரீஅத் (மார்க்கச் சட்டம்) கொண்டுவராத நபியாக ஏற்கிறது. மற்ற முஸ்லிம்களுக்கோ ‘காத்தமுன் நபிய்யீன்’ (நபிமார்களின் முத்திரை) என்ற குர்ஆன் சொல்லுக்குப் பொருள், இனி எவ்வகை நபியும் இல்லை. “புதிய ஷரீஅத் இல்லையே” என்ற பதில் அவர்களுக்குப் போதாது. போதும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். 1914இல் பிரிந்த லாகூர் பிரிவு அவரை முஜத்தித் (மார்க்கத்தைப் புதுப்பிப்பவர்) என்று மட்டுமே கொள்கிறது. நண்பர் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தால் நீங்கள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் யோசனை: பேச்சை ஈசா நபியிலிருந்து (இயேசு) தொடங்குங்கள். அவர் வானுக்கு உயர்த்தப்பட்டார், திரும்பி வருவார் என்பது பெரும்பாலான முஸ்லிம்களின் நம்பிக்கை. அவர் சிலுவையில் உயிர் பிழைத்து, பின்னர் காஷ்மீரில் இயற்கையாக இறந்தார் என்கிறது அஹ்மதியா. ஸ்ரீநகர் கான்யாரில் உள்ள ரோஸாபல்லை அவரது கல்லறை என்கிறது. இறந்தவர் திரும்ப மாட்டார், ஆகவே வரவேண்டிய மஸீஹ் வேறொருவர் என்பது ஜமாஅத்தின் வாதம். இது புரியாமல் நிறுவனரின் உரிமைகோரல் புரியாது.

இனி வதந்திகள். கலிமா ஒன்றே, கிப்லா (தொழும் திசை) கஅபாவே, ஹஜ் மக்காவுக்கே. காதியானில் 1891இல் 75 பேருடன் தொடங்கிய வருடாந்திர ஜல்ஸாவைத்தான் (மாநாடு) ஹஜ் என்று தவறாகச் சொல்கிறார்கள். குர்ஆன் விஷயத்தில் சந்தேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஜமாஅத் பதிப்புகளில் அத்தியாயத் தொடக்க பிஸ்மில்லாஹ்வும் (‘அல்லாஹ்வின் பெயரால்’ என்ற வாசகம்) முதல் வசனமாக எண்ணப்படுகிறது. அதனால் பிறர் 33:40 (33ஆம் அத்தியாயம், 40ஆம் வசனம்) என்பது உங்களிடம் 33:41 ஆகிறது. வாட்ஸ்அப்பில் எண்ணை மட்டும் அனுப்பினால் நண்பர் தேடும் இடத்தில் வேறு வசனம் இருக்கும், “மாற்றிவிட்டார்கள்” என்பார். எண்ணோடு அரபு வாசகத்தையும் அனுப்புங்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் பிஸ்மில்லாஹ் இல்லை என்பதால் அங்கே எண் மாறாது. இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பாதி சந்தேகம் தீரும்.

“எங்கள் இமாமுக்குப் பின்னால் ஏன் தொழுவதில்லை?” இந்தக் கேள்வியை மழுப்பாதீர்கள். அது உண்மை, அவரைப் புண்படுத்தியும் இருக்கும். நிறுவனரை ஏற்காத இமாமைப் பின்பற்றுவதில்லை என்பது ஜமாஅத்தின் நிலை என்று நேராகச் சொல்லுங்கள். ‘காதியானி’ என்ற சொல் வலித்தால் ஒருமுறை சொல்லுங்கள். பலர் அது வசைச்சொல் என்று தெரியாமலே பேசுகிறார்கள்.

“சட்டமே உங்களை முஸ்லிம் இல்லை என்கிறதே” என்றால், 1974இன் அரசியலமைப்புத் திருத்தமும் 1984இன் அவசரச் சட்டமும் பாகிஸ்தானுடையவை. இந்தியாவில் 1970இல் கேரள உயர் நீதிமன்றம், நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தீர்ப்பில், அஹ்மதிகள் முஸ்லிம்களே என்றது. அதைத் துருப்புச்சீட்டாக வீசாதீர்கள். ஒரு நீதிபதியின் தீர்ப்பைக் கேட்டு உங்கள் நண்பர் தன் ஈமானை (இறைநம்பிக்கையை) மாற்றிக்கொள்ளப் போவதில்லை.