நாலணாவும் நெல்லையும்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் ஓயாத சண்டை. “சுதந்திரம் வாங்கித் தந்தது காங்கிரஸ்தான்” என்பார் அப்பா. கல்லூரியில் படிக்கும் என் மகனோ, “வ.உ.சி. ஜெயிலுக்குப் போனப்போ கட்சி எங்க இருந்துச்சு தாத்தா?” என்கிறான். நீங்கள் யார் பக்கம்?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகன் கேட்பது நியாயம். தாமிரபரணிக் கரையில் தைப்பூச மண்டபத்துக்குச் சாயங்காலம் போய் உட்கார்ந்து பாருங்கள். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கல் இன்னும் கக்கிக்கொண்டிருக்கும். அங்கே வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசக் கேட்ட ஊர் இது. 1908 மார்ச் 12இல் இருவரும் கைதானார்கள். மறுநாள் நெல்லையில் கடைகள் அடைத்தன. நகராட்சி அலுவலகமும் தபாலாபீஸும் காவல் நிலையமும் எரிந்தன. துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அவர்களைத் தெருவுக்கு அழைத்தது எந்தக் கட்சித் தீர்மானமும் இல்லை. மூன்று மாதம் முன்புதான் சூரத்தில் கட்சியே இரண்டாக உடைந்து, மிதவாதிகள் கைக்குப் போயிருந்தது. வ.உ.சி.க்கு முதலில் விதித்தது இரட்டை ஆயுள். மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

ஆனால் அப்பாவையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியில் ஒரு பங்கு 25 ரூபாய். 1920 நாகபுரி மாநாட்டுக்குப் பிறகு காங்கிரஸில் சேர நாலணா, அதாவது கால் ரூபாய், போதும் என்றானது. ஒரு பங்கின் விலையில் நூறு பேர் உறுப்பினராகலாம்! சம்சாரியும் நெசவாளியும் உள்ளே வர வழி பிறந்தது அப்படித்தான். நெல்லையில் ஒரே நாளில் எரிந்து அடங்கிய கோபத்தை, ஊர் ஊராக, வருஷக்கணக்கில் அணையாமல் காத்தது இந்த அமைப்புதான். அதை நான் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

குறையும் உண்டு. கட்சிப் பணம் வாங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குச் சாதி பார்த்துத் தனிப்பந்தி போட்டார்கள். அந்த வடு இன்றும் எனக்கு வலிக்கிறது.

வ.உ.சி.க்குக் காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தில் உடன்பாடில்லை. அதே 1920இல் கட்சியை விட்டு விலகினார். பிறகு திரும்பி வந்தார். உங்கள் மகனிடம் இதையும் சொல்லுங்கள்: 1936 நவம்பரில், சாகக் கிடந்தவர், தன்னைத் தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்துக்குத் தூக்கிப் போகச் சொன்னார். 18ஆம் தேதி அங்கேதான் உயிர் பிரிந்தது.