கண் வறட்சி, வாய் வறட்சி: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

என் மனைவிக்கு 44 வயது. இரண்டு வருடமாகக் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல். ஒரு இட்லி இறங்க ஒரு சொம்பு தண்ணீர் வேண்டும். நாலு பல் பிடுங்கியாகிவிட்டது. எப்போதும் அசதி என்று படுத்துவிடுகிறாள். மாதவிடாய் நிற்கிற வயதில் இப்படித்தான் என்கிறார்கள் வீட்டில். போன மாதம் ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு 'ஷோக்ரன்' என்று சொல்லி, மூட்டுவாத நிபுணரைப் பார்க்கச் சொன்னார். வெறும் வறட்சிதானே, சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தால் போதாதா? உங்கள் அக்காவுக்கும் இதே நோய் என்று முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

போதாது. இந்த வாரமே அந்த நிபுணரைப் பாருங்கள்.

நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே கண்ணீர்ச் சுரப்பியிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் புகுந்து அழிக்கிற நோய் இது. அதனால் கண்ணும் வாயும் முதலில் காய்கின்றன, ஆனால் அணுக்கள் அங்கேயே நின்றுவிடுவதில்லை. நோய்க்குப் பெயர் தந்த ஹென்ரிக் ஷோக்ரன் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர். 1933இல் அவர் எழுதிய ஆய்வேட்டில் கண் வறண்ட 19 பெண்களைப் பற்றிச் சொல்கிறார், அதில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. கண்ணைப் பார்க்க வந்தவர்களின் முழங்காலையும் விரலையும் சேர்த்துப் பார்த்தார் அந்த மனிதர். இன்றைக்கும் நமக்குக் கிடைக்காமல் போவது அந்தப் பார்வைதான். உங்கள் மனைவியின் கண்ணை ஒருவர் பார்த்தார், பல்லை இன்னொருவர் பார்த்தார், அசதியை யாருமே பார்க்கவில்லை.

என் அக்கா விஷயத்தில் அதுதான் நடந்தது. ஒருநாள் விடிகாலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை, இரண்டு காலும் தூக்கவில்லை. பக்கவாதம் என்று அலறி அடித்துக்கொண்டு ஓடினோம். தசை இயங்கத் தேவையான பொட்டாசியம் என்ற உப்பு ரத்தத்தில் 3.5க்கு மேல் இருக்க வேண்டும், அவருக்கு 2கூட இல்லை. ஏற்றினார்கள், மறுநாளே நடந்தார், அனுப்பிவிட்டார்கள். ஏன் குறைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து அதேபோல மறுபடி விழுந்தபோது, வேறொரு இடத்தில் ஒரு இளம் மருத்துவர் அக்காவின் கரைந்துபோன பற்களைப் பார்த்துவிட்டு, "அம்மா, அழுதால் உங்களுக்குக் கண்ணீர் வருமா?" என்று கேட்டார். இல்லை என்றார் அக்கா. அப்பா இறந்த அன்றுகூட வரவில்லை, கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் பேசினார்கள், அதை அவர் சொன்னது அன்றுதான். நோய் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தாக்கியிருந்தது. அமிலம் வெளியேறாமல், பொட்டாசியம் மட்டும் சிறுநீரில் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நம் நாட்டில் இந்த நோய் இப்படி வெளிப்படுவதை மருத்துவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பலருக்கு வறட்சியும் மூட்டுவலியும் அசதியுமாகவே காலம் ஓடிவிடும். ஆனால் விடாத வறட்டு இருமல், மாடிப்படியில் மூச்சு வாங்குதல், பாதம் எரிதல், காலில் செந்நிறப் புள்ளிகள், இவற்றில் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். காதுக்கு முன்னால் கன்னத்தில் வீக்கம் வந்து வாரக்கணக்கில் வற்றாமல் கெட்டியாக நின்றால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இந்த நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது, சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் கட்டுப்படுத்திவிடலாம். இதைப் படிக்கிற இளம்பெண்களுக்கும் ஒன்று: ரத்தத்தில் ஆன்டி ரோ என்ற எதிர்ப்பொருள் இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அபூர்வமாகக் குழந்தையின் இதயத் துடிப்பை அது பாதிக்கும்.

கீழ் இமையில் ஒரு தாள் துண்டைச் செருகி ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் நனையாவிட்டால் வறட்சி உறுதி. சிலருக்கு உள்உதட்டிலிருந்து கடுகளவு சுரப்பியை எடுத்தும் பரிசோதிப்பார்கள். அக்கா அதற்கு ரொம்பப் பயந்தார், மரத்துப்போக ஊசி போட்டுச் செய்தார்கள், சீக்கிரமே முடிந்துவிட்டது.

அப்புறம் அந்த அசதி. டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் 2011இல் அமெரிக்க ஓப்பன் போட்டியின் நடுவே விலகினார், இந்த நோய்தான் காரணம் என்று அவரே அறிவித்தார். அப்படிப்பட்ட உடம்பையே சாய்க்கிற களைப்பு இது. தயவுசெய்து வீட்டில் யாரும் உங்கள் மனைவியைச் சோம்பேறி என்று சொல்ல விடாதீர்கள். சமையலை நீங்கள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடிக்காமல் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். வாய் காய்கிறதே என்று மிட்டாய் சப்பினால் மிச்சப் பற்களும் போய்விடும். சளி மாத்திரை சில வறட்சியை இன்னும் கூட்டும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம்.

நிபுணரிடம் போகும்போது இதுவரை பார்த்த எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில் எடுத்துப்போங்கள், பிடுங்கிய நாலு பல்லின் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொட்டாசியம் பார்த்தாயிற்றா என்று நீங்களே கேளுங்கள்.