ஆட்டிசம் உள்ள பிள்ளை சின்ன மாற்றத்துக்கே அலறுவது பிடிவாதமா?

அக்கா, ஹட்டனில் 14 வயது மகன், ஸ்கூல் வேன் பாதை மாறினாலே அலறுகிறான், வீட்டில் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுக்கிறான், லயத்தில் எல்லாரும் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். செல்லமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. எதுவும் மாறக்கூடாது என்ற இந்தத் தவிப்பை, ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய அமெரிக்க மனநல டாக்டர் லியோ கானர் 1943லேயே எழுதிவைத்துவிட்டார்.

தொடங்கியதை நிறுத்துவது, ஒரு விதியை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையும் மூளையின் ஆழத்தில் இருக்கும் சில பகுதிகளும் சேர்ந்து செய்கிற வேலை. சீட்டுகளைப் பிரிக்கச் சொல்லி, முதலில் நிறப்படி பிரித்தால் ‘சரி’ என்று சொல்லிவிட்டு, பிறகு சொல்லாமலே விதியை வடிவத்துக்கு மாற்றுகிற ஒரு சோதனை இருக்கிறது; ‘தப்பு’ என்று சொன்ன பிறகும் ஆட்டிசம் உள்ள பலர் நிறத்தையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். பலர்தான், எல்லாரும் இல்லை. சோதனையில் நன்றாகச் செய்கிற பிள்ளையும் வீட்டில் தவிக்கும், ஏனென்றால் பதற்றம் கூடினால் இந்தத் தவிப்பும் கூடும்.

மாத்திரை கேட்டிருந்தீர்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சிட்டலோப்ராம் என்ற மருந்தைக் கொடுத்து 149 பிள்ளைகளிடம் அமெரிக்காவில் செய்த ஆய்வு 2009இல் வந்தது, இந்தப் பழக்கங்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அது பலன் தரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடுவது நம் பக்கம் வழமைதானே, அதனால் இரண்டு பாதையையும் படமாக வரைந்து, இன்றைக்கு எது என்று வேன் ஏறுமுன்பே காட்டுங்கள். தாழ்ப்பாள் விஷயத்தைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள், யாருக்கும் கெடுதல் இல்லையே. தன்னையே அடித்துக்கொண்டால் மட்டும் தாமதிக்காமல் பிள்ளை மனநல டாக்டரிடம் காட்டுங்கள்.