இருயாவுக்கு எப்படிப் போவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அர்ஜென்டினாவின் வடமேற்கு மூலையில், ஆண்டிஸ் மலையின் ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கில், 2,780 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இருயா. பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர், முகப்பில் 1753-இல் எழுந்த மஞ்சள் தேவாலயம். அதன் படத்தைப் பார்த்த பலர் போகும் வழி கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, வரைபடத்தில் இருயா சால்டா மாகாணத்தில் இருக்கிறது. அப்படியானால் சால்டா நகரத்திலிருந்து நேராகப் போய்விடலாமா?

முடியாது. ஊர் சால்டாவுடையது, சாலை ஹுஹுய் மாகாணத்து வழியாக வருகிறது. கிழக்கே ஓரான் பக்கம் பார்த்தால் வரைபடத்தில் கிட்டத்தில் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் மலைக்காட்டு நடைபாதைதான், வண்டி போகும் சாலை கிடையாது. எனவே எல்லோரும் சால்டா அல்லது சான் சால்வடோர் தெ ஹுஹுயிலிருந்து வடக்கே ஹுமாவாகா என்ற ஊருக்குப் போய், அங்கிருந்துதான் இருயாவுக்குத் திரும்ப வேண்டும்.

சால்டாவிலிருந்து ஹுமாவாகா வரை பேருந்தில் நாலரை, ஐந்து மணி நேரம். ஹுஹுய் நகரிலிருந்து என்றால் 126 கி.மீ., இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். முழுக்கத் தார்ச்சாலை, பேருந்துகளும் நிறைய. இந்தச் சாலை போகும் ஹுமாவாகா பள்ளத்தாக்கே 2003-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்பதால் சுற்றுலாக் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை.

புவனோஸ் ஐரஸிலிருந்து விமானமா, பேருந்தா?

சால்டாவுக்கோ ஹுஹுய்க்கோ தூரம் சுமார் 1,500 கி.மீ. பேருந்து என்றால் இருபது மணி நேரத்துக்கு மேல். சாய்ந்து படுக்கும் இருக்கைகள் வசதியாகவே இருக்கும், இருந்தாலும் அடுத்து மலைச்சாலை காத்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள். விமானம் இரண்டேகால் மணி நேரம்தான். ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் எசெய்சா விமான நிலையத்தில் இறங்கும், உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் நகருக்குள் இருக்கும் ஏரோபார்க்கேயிலிருந்து கிளம்பும். நடுவில் நகரத்தைக் கடக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு டிக்கெட்டுக்கும் இடையில் தாராளமாக நேரம் விடுங்கள்.

ரயில் ஏதும் உண்டா? சூரிய சக்தி ரயில் ஓடுவதாகப் படித்தேன்.

ஓடுகிறது, ஆனால் உங்களுக்கு உதவாது. 2024-இல் தொடங்கிய அந்த ரயில், ஹுமாவாகாவுக்கு முன்னாலேயே வரும் வோல்கான், தில்காரா என்ற ஊர்களுக்கு நடுவில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடுவது. ஹுமாவாகாவைக்கூட எட்டாது. ஒரு காலத்தில் பொலிவியா எல்லை வரை போன தண்டவாளம் இது. இருயா சாலை பிரிந்தபின் வரும் இதுர்பே என்ற ஊரில் பழைய ரயில் நிலையம் இன்னும் நிற்கிறது, பேருந்து ஜன்னலிலிருந்து பார்க்கலாம்.

ஹுமாவாகாவிலிருந்து இருயா பேருந்துப் பயணம் எப்படி? பயமாக இருக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

சரி, உண்மையையே சொல்கிறேன். மொத்தம் 75 கி.மீ. அதற்கு மூன்று மணி நேரம். முதல் 25 கி.மீ. தேசிய நெடுஞ்சாலை 9-இல் வடக்கே போகும், சிரமம் ஒன்றும் தெரியாது. அப்புறம் வலப்பக்கம் திரும்பி மண்ணும் சரளையுமான சாலை. இதுர்பேயைத் தாண்டி ஏறிக்கொண்டே போய் அப்ரா தெல் கோந்தோர் என்ற கணவாயைத் தொடும். சுமார் 4,000 மீட்டர். இரண்டு மாகாணங்களின் எல்லையும் அதுதான். காற்று ஆளைத் தள்ளும், வெயிலிலும் குளிரும்.

அங்கிருந்துதான் விஷயமே ஆரம்பம். சுமார் 20 கி.மீ. தூரத்துக்குள் 1,200 மீட்டர் கீழே இறங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஓரத்தில் தடுப்புச்சுவர் எதிர்பார்க்காதீர்கள். வளைவில் எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்னால் எடுத்துத்தான் வழிவிட வேண்டும். கீழே வந்ததும் ஆற்றை ஒட்டியும், சில இடங்களில் ஆற்றுப்படுகை மேலேயே ஏறி இறங்கியும் பேருந்து போகும். ஓட்டுநர்கள் நிதானமானவர்கள், தினமும் ஓட்டுகிறவர்கள். உள்ளூர்ப் பாட்டிகள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிவார்கள். அவர்களைப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும். மீதிப் பயத்துக்குப் பள்ளம் தெரியாத பக்கத்து இருக்கை. எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், வளைவுக்கு வளைவு மாறும்.

வயிறு புரட்டும் ஆட்கள் முன்பக்க இருக்கை கேட்டு வாங்குங்கள். காலையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

டிக்கெட் இணையத்தில் கிடைக்குமா?

ஹுமாவாகா பேருந்து நிலையத்துக் கவுன்டரில் வாங்குவதுதான் நிச்சயம். முந்தின நாளே போய் நேரத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் பருவத்துக்குப் பருவம் மாறும். பணம் ரொக்கமாக வைத்திருங்கள், இருயாவில் செலவழிப்பதற்கும் சேர்த்து. கட்டணம் எவ்வளவு என்று பல பேர் கேட்டிருந்தீர்கள். அந்த நாட்டு விலைவாசியில் இன்று நான் எழுதும் தொகை நீங்கள் போகும்போது வேடிக்கையாக இருக்கும், அதனால் எழுதவில்லை.

இருயாவில் இறங்கியவுடன் முதல் வேலை, திரும்பி வருவதற்கான இடத்தைப் பிடிப்பது. குறிப்பாக ஈஸ்டர் வாரம், ஜூலை பள்ளி விடுமுறை, அக்டோபர் முதல் ஞாயிறையொட்டி நடக்கும் ஜெபமாலை மாதா திருவிழா ஆகிய நாட்களில். பிப்ரவரி வாக்கில் வரும் கார்னிவலின்போது ஹுமாவாகாவிலேயே படுக்க இடம் கிடைப்பது கஷ்டம்.

சார், நாங்கள் கார் வாடகைக்கு எடுக்கப் போகிறோம். நாலு சக்கர இழுவை (4x4) வண்டி கட்டாயமா?

சார் இல்லை, அக்காதான்! பரவாயில்லை.

மழை இல்லாத மாதங்களில் சாதாரணச் சின்னக் கார்களும் போய் வருகின்றன. வண்டியைவிட ஓட்டுகிறவர்தான் முக்கியம். மலையில் மண்சாலை ஓட்டிப் பழக்கம் இல்லையென்றால் காரை ஹுமாவாகாவிலேயே நிறுத்திவிட்டுப் பேருந்தில் போங்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன். ஓட்டுகிறவருக்குச் சாலையைத் தவிர ஒன்றையும் பார்க்க முடியாது, அந்த இறக்கத்தில் அது பெரிய நஷ்டம்.

பிடிவாதமாக ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால்: ஹுமாவாகாவிலேயே டேங்கை நிரப்புங்கள். மாற்று டயரில் காற்று இருக்கிறதா பாருங்கள். 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் அறுபது சதவீதம்தான், டர்போ இல்லாத எஞ்சின் திணறும். ஏற்றத்தில் கியரைக் குறைத்து மெதுவாகப் போனால் போதும், வண்டி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். இறங்கும்போதும் இரண்டாவது கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். வாடகை ஒப்பந்தத்தில் ஆற்றைக் கடக்கும்போது நேரும் சேதத்துக்குக் காப்பீடு உண்டா என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

ஊருக்குள் தெருக்கள் கல் பதித்த செங்குத்து ஏற்றங்கள். கீழேயே நிறுத்திவிட்டு நடங்கள். அதே காரணத்துக்காக, சக்கரப் பெட்டி வேண்டாம், முதுகுப்பை போதும்.

டிசம்பர், ஜனவரியில்தான் எங்களுக்கு லீவு. போகலாமா?

அதுதான் அங்கே மழைக்காலம். டிசம்பர் முதல் மார்ச் வரை ஆறு எப்போது பெருகும் என்று சொல்ல முடியாது. மண்சரிவால் சாலை அடைபட்டால் இயந்திரம் வந்து ஒதுக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான், சில சமயம் நாள் கணக்கில். மழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டும் என்பதால் காலைப் பேருந்தைப் பிடியுங்கள். இருயாவுக்குப் போன மறுநாளே விமானம் ஏறுவது போலத் திட்டம் போடாதீர்கள், நடுவில் இரண்டு நாளாவது விடுங்கள். நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நல்லது. ஜூன், ஜூலையில் இரவில் உறைகிற குளிர் இருக்கும், வானம் மட்டும் துடைத்து வைத்தாற்போல் தெளிவாக இருக்கும்.

அப்பாவுக்கு 68 வயது, ரத்த அழுத்தம் உண்டு. உயரம் ஒத்துக்கொள்ளுமா?

டாக்டரைக் கேட்காமல் கூட்டிப் போகாதீர்கள். மாத்திரை பற்றியும் அவரே சொல்லட்டும். பயணத்தைப் பொறுத்தவரை நான் சொல்லக்கூடியது: ஹுஹுய் சுமார் 1,250 மீட்டரில் இருக்கிறது, ஹுமாவாகா கிட்டத்தட்ட 3,000 மீட்டர். ஒரே நாளில் கீழிருந்து கணவாய் வரை ஏறாமல் தில்காராவிலோ ஹுமாவாகாவிலோ ஒன்றிரண்டு இரவு தங்குங்கள். இருயா ஹுமாவாகாவைவிடத் தாழ்வு, எனவே தூக்கம் பிரச்சினையில்லை. நடுவில் வரும் கணவாய்தான் உயரம், அதுவும் கொஞ்ச நேரம்தான்.

உள்ளூர்க்காரர்கள் கோக்கா இலையை வாயில் அடக்கிக்கொள்வார்கள். இலையாக மெல்லுவதற்கு அர்ஜென்டினாவில் சட்டம் இடம் கொடுக்கிறது. மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு வேறு நாட்டுக்கு விமானம் ஏறினால் வம்பு.

பொலிவியாவிலிருந்து வருகிறேன். சாலை பிரியும் இடத்திலேயே இறங்கி இருயா பேருந்தை மறிக்கலாமா?

வில்லசோன் எல்லையைக் கடந்து லா கியாக்காவில் பேருந்து ஏறினால், பிரியும் இடம் ஹுமாவாகாவுக்கு முன்னாலேயே வரும் என்பது சரிதான். ஆனால் அங்கே வெட்டவெளியும் காற்றும்தான். பேருந்து நிரம்பி வந்தால் நிற்காது. 25 கி.மீ. கூடுதலாகப் போய் ஹுமாவாகாவில் ஏறுங்கள். உயரம் உங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும், அது லாபம்.

ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

போகலாம். ஆறு மணி நேரம் குலுங்கிவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஊரைப் பார்ப்பீர்கள். ஒரு இரவு தங்குங்கள். பகல் கூட்டம் கிளம்பியபின் ஊர் வேறு மாதிரி இருக்கும்.

இருயாவுக்கும் அப்பால் சான் இசித்ரோ என்று ஒரு ஊர் இருக்கிறதாமே?

ஆற்றோடு மேலே சுமார் 8 கி.மீ. வறண்ட காலத்தில் நாலு சக்கர இழுவை வண்டிகள் ஆற்றுப்படுகையிலேயே ஓடும், இருயாவில் விசாரித்தால் ஏற்பாடு ஆகும். நடந்தால் இரண்டரை, மூன்று மணி நேரம், தண்ணீரைப் பல இடங்களில் கடக்க வேண்டும். நனைந்தால் பரவாயில்லை என்கிற செருப்பு ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் போகும் முன் உள்ளூர்க்காரரிடம் ஆற்றின் நிலவரம் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள், திரும்பும் வழியில் இருட்டிவிட்டால் எங்கே கடந்தோம் என்பது தெரியாது.