வலி இல்லாதவருக்கு எதற்கு மறுபடியும் ஆபரேஷன்? இடுப்பு மூட்டு: கேள்வி-பதில்

அப்பாவுக்கு 2001-ல் இடுப்பு மூட்டு மாற்றினோம். இப்போது வயது 74. தினமும் கடைத்தெருவுக்கு நடந்தே போய் வருகிறார். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் ரிவிஷன், அதாவது மறு ஆபரேஷன், செய்யணும் என்கிறார். வலியே இல்லாதவருக்கு எதற்கு? – மன்னார்குடி வாசகர்

நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விஷயத்தில் வலியை நம்பக் கூடாது. செயற்கை மூட்டில், இடுப்பெலும்பில் பொருத்திய கிண்ணத்துக்குள் தொடை எலும்பின் பக்கத்துப் பந்து உருளும் இடத்தில் பாலிஎத்திலீன் லைனர் (உள்ளுறை) ஒன்று இருக்கும். 1962-ல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற அறுவை நிபுணர் டெஃப்லானைக் கைவிட்டு இந்தப் பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகுதான் இந்த ஆபரேஷனே நிலைத்தது. இருந்தாலும் அதுவும் தேயும். தேய்ந்து உதிரும் நுண்துகள்களை உடம்பின் செல்கள் விழுங்கும். அந்த அழற்சியில் சுற்றியுள்ள எலும்பு கரையும். ஆற்றங்கரை மேலே பார்க்க உறுதியாகத்தான் இருக்கும், அடியில் மண் அரித்திருக்கும் இல்லையா, அப்படித்தான். மூட்டு ஆட்டம் காணும்போதுதான் வலி வரும்.

எக்ஸ்ரேயை டாக்டரிடம் காட்டச் சொல்லிப் பாருங்கள். பந்து கிண்ணத்தின் நடுவில் இல்லாமல் மேலே ஏறியிருக்கும். எலும்பில் கறுப்புக் குழிகள் தெரியும். பழைய எக்ஸ்ரே இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழி பெரிதாகிறதா என்பதுதான் முக்கியம். பெரிதானால் தள்ளிப்போடாதீர்கள். கிண்ணம் உறுதியாக இருக்கும்போதே செய்தால் பெரும்பாலும் லைனரையும் பந்தையும் மட்டும் மாற்றி, குழியில் எலும்புத் துண்டுகளை நிரப்பிவிடலாம். எலும்பு முறிந்த பிறகு வந்தால் அது வேறு கதை.

முதல் ஆபரேஷனைக் குறை சொல்லவும் வேண்டாம். 10 மூட்டுகளில் ஏறக்குறைய 6 தான் 25 ஆண்டுகள் தாங்குகின்றன என்று 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது.

அப்புறம், பழைய ஃபைலைத் தேடுங்கள். அதில் மூட்டின் கம்பெனி, அளவு, லாட் நம்பர் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். அது கையில் இருந்தால்தான் பொருந்தும் லைனரை முன்கூட்டியே வரவழைக்க முடியும். பரணில் கிடக்கும் அந்தத் தாளுக்காக டாக்டர்கள் நாங்கள் படும் பாடு சொல்லி மாளாது.

உட்கார்ந்து எழுந்து வைக்கும் முதல் நாலு அடியில் தொடை வலிக்கிறது. மூட்டு வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. – பாபநாசம் வாசகி

தொடை எலும்புக்குள் இருக்கும் தண்டு தளர்ந்திருக்கலாம். தொடை இடுக்கில் வலித்தால் கிண்ணத்தின் மேல் சந்தேகம் வரும். எதுவானாலும் முதலில் கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்: அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் மூட்டு நீரை எடுத்துக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை). அதற்கு முன்னால் ஆன்டிபயாடிக் மாத்திரை எதுவும் போட்டுவிடாதீர்கள் அம்மா, கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகும். பல நாளாக ஊறிப்போன தொற்று என்றால் பெரும்பாலும் இரண்டு கட்டமாக ஆபரேஷன்: பழையதை எடுத்து மருந்து கலந்த சிமென்ட் வைப்பார்கள், தொற்று அடங்கிய பிறகே புது மூட்டு.

எண்ணெய் போட்டு நீவினால் தளர்ந்த மூட்டு இறுகுமா? – மயிலாடுதுறை வாசகர்

இறுகாது.

ரிவிஷன் முடிந்து சம்பா நடவுக்கு வயலில் இறங்கலாமா? – திருவையாறு வாசகர்

வரப்பில் நின்று ஆள் வைத்து வேலை வாங்கலாம், அதுவும் டாக்டர் சரி என்ற பிறகு. சேற்றில் குனிந்து நடுவதும் குந்தி உட்காருவதும் வேண்டாம். முதல் முறையைவிட ரிவிஷனுக்குப் பிறகு பந்து கிண்ணத்தை விட்டு நழுவும் ஆபத்து அதிகம். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்டை ஆபரேஷனுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.