போரை முடிக்க அணுகுண்டு போட்டது சரியா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கேள்வி: குண்டு போடாவிட்டால் அமெரிக்கப் படை ஜப்பானுக்குள் இறங்கியிருக்கும், 10 லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்கிறார்களே. அப்படிப் பார்த்தால் குண்டு உயிர்களைக் காப்பாற்றியதுதானே?

பதில்: முதலில் அந்த 10 லட்சம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். போர்க்காலத்தில் அமெரிக்கப் போர்த்துறைச் செயலராக இருந்த ஹென்றி ஸ்டிம்சன் 1947-ல், எல்லாம் முடிந்த பிறகு எழுதிய ஒரு கட்டுரையால்தான் அது பரவியது. அவர் எழுதியதும் காயம்பட்டவர்களையும் சேர்த்த கணக்கு, சொல்லிச் சொல்லி அது சாவுக் கணக்காகிவிட்டது. 1945 ஜூனில் ராணுவத் திட்டக் குழு போட்ட ஒரு மதிப்பீட்டில் அமெரிக்கத் தரப்பு இறப்பு சுமார் 40,000 என்றுதான் இருந்தது. அதுவும் சின்ன எண்ணிக்கை இல்லை, ஜப்பானின் ஒகினாவா தீவைப் பிடிக்க நடந்த சண்டையைப் பார்த்த யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். ஆனால் கியூஷு தீவில் இறங்கக் குறித்திருந்த நாள் நவம்பர் 1, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது ஆகஸ்ட் 6. இடையில் ஏறக்குறைய மூன்று மாதம் இருந்தது. "குண்டு, இல்லையென்றால் படையெடுப்பு" என்று இரண்டே வழி இருந்ததாகச் சொல்லும்போது அந்த மூன்று மாதம் காணாமல் போய்விடுகிறது.

கேள்வி: ஆள் இல்லாத இடத்தில் போட்டுக் காட்டியிருக்கலாமே?

பதில்: அணுகுண்டுத் திட்டத்திலேயே வேலை செய்த சில விஞ்ஞானிகள், ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில், ஜூன் மாதமே அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். வெடிக்காமல் போனால் என்ன செய்வது, கையில் இருப்பதே ஓரிரண்டு குண்டுதானே என்று மறுப்பு வந்தது. எனக்கு அந்த மறுப்பு போதவில்லை. முயன்று தோற்றிருந்தால் ஒரு குண்டு போயிருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: போர்க்காலத்தில் ஜப்பான் போட்ட சயாம்-பர்மா மரண ரயில்பாதையில் மலேயாத் தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேரை ஜப்பான் ராணுவம் சாகடித்தது! அவர்களுக்கு இது வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பா?

பதில்: கோபம் தப்பில்லை. எனக்கும் இருக்கிறது. சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அந்த ஆக்கிரமிப்பு நீடித்த ஒவ்வொரு மாதமும் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் "பொறுத்திருந்து பார்த்திருக்கலாம்" என்று என்னைப் போன்றவர்கள் சொல்லும்போது அந்த உயிர்களையும் கணக்கில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் ரயில்பாதையில் சவுக்கைத் தூக்கியவன் ஹிரோஷிமாவில் காலை 8.15-க்குத் தெருவில் நின்றுகொண்டிருக்கவில்லை. தீத்தடுப்புக்காக வீடுகளை இடிக்கும் வேலைக்குக் கூட்டி வரப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே நின்றார்கள். கொரியாவிலிருந்து வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும், அதாவது அதே ஜப்பானால் நசுக்கப்பட்டவர்களும், செத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். ஒரு அரசை மிரட்டுவதற்காக இன்னொருவருடைய குழந்தையைக் கொல்வதை, யார் செய்தாலும், எந்தப் பக்கம் நியாயம் இருந்தாலும், என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: டோக்கியோவில் தீக்குண்டு போட்டு ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேரைக் கொன்றார்களே, அது மட்டும்?

பதில்: அதுவும் அதே குற்றம்தான். 1945 மார்ச்சில் அது நடந்து, யாரும் பெரிதாகக் கேள்வி கேட்காததால்தான் ஆகஸ்டில் கை நடுங்கவில்லை.

கேள்வி: எது எப்படியோ, குண்டு போட்டதும் சரணடைந்தார்களே?

பதில்: அவ்வளவு நேராக நடக்கவில்லை. ஆகஸ்ட் 9 விடியும் முன்பே சோவியத் படை ஜப்பான் பிடித்து வைத்திருந்த மஞ்சூரியாவுக்குள் புகுந்துவிட்டது. அன்று காலை டோக்கியோவில் ஆறு பேர் கொண்ட உயர்மட்டக் குழு கூடியது, பேசிக்கொண்டிருக்கும்போதே நாகசாகி செய்தியும் வந்தது, அப்போதும் எந்த நிபந்தனையில் சரணடைவது என்பதில் மூன்றுக்கு மூன்று என்றுதான் பிரிந்து நின்றார்கள். கடைசியில் பேரரசர் ஹிரோஹிட்டோ முடிவெடுத்தார். 15-ம் தேதி வானொலியில் மக்களிடம் பேசும்போது புதிய கொடிய குண்டைச் சொன்னார், 17-ம் தேதி படைவீரர்களுக்கு விடுத்த ஆணையில் குண்டு இல்லை, சோவியத் வருகைதான் இருந்தது. இரண்டும் சேர்ந்து தள்ளியது என்றே நினைக்கிறேன். சரி, முதல் குண்டுக்கு ஒரு வாதம் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். மூன்றே நாளில் நாகசாகி எதற்கு? ஹிரோஷிமாவில் என்ன விழுந்தது என்று அவர்கள் ஆளனுப்பி விசாரித்து முடிக்கக்கூட நேரம் தரவில்லை.

கேள்வி: இன்று சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகப் போர்ச் சட்டத்துக்கு எதிரானது என்று 1996-ல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. ஆனால் ஒரு நாட்டின் இருப்பே ஆபத்தில் இருக்கும்போது என்ன என்பதை முடிவு செய்யாமல் விட்டுவிட்டது. 2017-ல் அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் வந்தது, குண்டு வைத்திருக்கும் ஒரு நாடும் அதில் சேரவில்லை.

கேள்வி: குண்டு போட்டபோது அமெரிக்க அதிபராக இருந்த ட்ரூமன் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால்?

பதில்: ஜப்பானைச் சரணடையச் சொன்ன போட்ஸ்டாம் அறிவிப்புக்கான வரைவில், ஜப்பான் தன் அரச குடும்பத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பொருள்படும் ஒரு வரி இருந்தது. ஜூலை 26-ல் வெளியிடும் முன் அதை எடுத்துவிட்டார்கள். நான் அதை எடுத்திருக்க மாட்டேன். ஜப்பான் அதை ஏற்றிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதுதான், ஆனால் இரண்டு நகரங்கள் எரிந்த பிறகு ஹிரோஹிட்டோவை அரியணையில் விட்டுவைத்தார்களே, 1989-ல் சாகும்வரை அவர்தானே பேரரசர்.